வேனை மாற்றும் முன் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

அம்பத்தூர்ப் பக்கம் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் 2011-ஆம் ஆண்டு பதிவான மாருதி ஆம்னி ஒன்று இருக்கிறது. பெட்ரோல் வண்டி, ஐந்து பேர் இருக்கை, வெள்ளை போர்டு. சில ஆண்டுகளாக வார இறுதிகளில் நண்பர்களோடு சைக்கிள் பயணம் போவதற்கு அதைப் பயன்படுத்துகிறார். பின் இருக்கையைக் கழற்றி வீட்டு மாடியில் வைத்துவிட்டார். அந்த இடத்தில் சைக்கிள்களைக் கயிற்றால் கட்டி, பக்கவாட்டில் ஒரு பலகை போட்டு, அதில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து போகிறார்கள். மாமல்லபுரம், ஏலகிரி, ஒருமுறை கொல்லிமலை வரைக்கும் போயிருக்கிறார்கள். இப்போது பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் வரத் தொடங்கியிருக்கிறாள்.

வண்டியின் பதிவு இன்னும் சில மாதங்களில் 15 ஆண்டை எட்டுகிறது. "அதற்குப் பிறகு ஓட்ட முடியாது, இரும்புக் கடைக்குத்தான் போகும்" என்கிறார் தெரிந்த புரோக்கர். ஆம்னியை எடுத்துக்கொண்டு, 2019-ஆம் ஆண்டு மஞ்சள் போர்டு சரக்கு வேன் ஒன்றை 2.6 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மூடிய பெட்டி கொண்டது, எட்டு சைக்கிள் தாராளமாக நிற்கும், நண்பர்களும் பின்னால் உட்காரலாம். பொருளின் சொந்தக்காரர் சரக்கு வண்டியில் போகலாம் என்று சட்டமே சொல்கிறது என்பது புரோக்கரின் வாதம். வாசகர் 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். பெரிய வண்டி வந்தால் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டு, காலை உணவோடு ஆளுக்கு 800 ரூபாய் வாங்கலாம், வண்டிச் செலவு தானாக அடையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மனைவிக்கு ஆம்னியை விட மனமில்லை. வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது அவர் கேள்வி. ஓட்டுநர் உரிமத்தில் பேட்ஜ் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். இன்சூரன்ஸ் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: "பழைய வண்டி என்பதால் சில வருடங்களாக தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போடுகிறேன்."

நண்பரே,

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசி வரிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில்தான் சென்னையின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கின்றன. விபத்தில் அடிபட்டவர் காரின் உள்ளே இருந்தவர் என்றால், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுப்பது பாலிசியின் பிரீமிய அட்டவணையைத்தான். சொந்தச் சேதத்துக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தொகை இருந்தால் வழக்கு ஒரு பக்கம் போகும். பூஜ்யம் இருந்தால், அதாவது தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால், "இது வெறும் சட்டப் பொறுப்பு பாலிசி, காரில் இலவசமாக வந்த பயணிக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுந்து நிற்பார். பெரும்பாலும் அவர் வெல்வார்.

தேர்ட் பார்ட்டி என்றவுடன் நம்மைத் தவிர எல்லோரும் அதில் அடக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் வண்டி சாலையில் நடப்பவரை இடித்தால், இன்னொரு வண்டியில் மோதினால், அந்த பாலிசி காக்கும். உங்கள் அருகில் உட்கார்ந்திருக்கும் நண்பரை அது காக்காது. 2012-இல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது: சொந்தச் சேதமும் சேர்ந்த முழுமையான பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் பயணிப்பவருக்கும் நிறுவனமே பொறுப்பு, சட்டப் பொறுப்பு பாலிசி மட்டும் என்றால் இல்லை. அதாவது இத்தனை ஆண்டுகளாக உங்களோடு வந்த நண்பர்களில் யாருக்காவது ஏதாவது நேர்ந்திருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகை உங்கள் சம்பளத்தின் மீதும் வீட்டின் மீதும்தான் விழுந்திருக்கும். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை.

ஆகவே வேனை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று யோசிக்கும் முன்பே ஒரு வேலையை முடியுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பேசி, வண்டியைப் பரிசோதிக்கச் செய்து பேக்கேஜ் பாலிசி கேளுங்கள். 15 ஆண்டை நெருங்கும் வண்டிக்குச் சில நிறுவனங்கள் தயங்கும். பொதுத்துறை நிறுவனங்களிலும் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவே இல்லை என்றால், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டை இருக்கைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய்தான். போதாது என்றாலும் வெறுங்கையை விட மேல். அதுவரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள். மகளையும்தான்.

15 ஆண்டு என்பது ஆயுள் முடிவு அல்ல

புரோக்கர் சொன்னதில் பாதி தில்லியின் கதை. பத்து ஆண்டு டீசல் வண்டி, பதினைந்து ஆண்டு பெட்ரோல் வண்டி என்ற தடை தில்லி தலைநகர வட்டாரத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு அப்படி ஒரு தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி தனியார் வண்டியின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதித் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து கார் வகை வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். இதோடு மாநிலத்தின் பசுமை வரியும் உண்டு. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன் சேசிஸ் எண்ணைத் தேடிப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் ஓடிய வண்டி என்பதால் அந்த இடத்தில் துருவேறியிருக்கக்கூடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் எண்ணும் தாளில் விழ வேண்டும். கீழ்த்தளத் தகடு ஓட்டை விழுந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று. ஆய்வுக்குப் போகும்போது பின் இருக்கை வண்டியில் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் ஐந்து இருக்கை என்றிருக்கும் வண்டியில் இருக்கையை நிரந்தரமாக எடுப்பதும், பலகையைப் பற்றவைத்துப் பொருத்துவதும் 52-ஆம் பிரிவு தடுக்கும் மாற்றங்களில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. அபராதத்தைக்கூட விடுங்கள். இருக்கையும் பெல்ட்டும் இல்லாத பலகையில் உட்கார்ந்தவர் அடிபட்டால், ஆர்.சி.க்கு மாறாக வண்டியைப் பயன்படுத்தினார் என்று சொல்ல நிறுவனத்துக்கு நீங்களே வழிசெய்து கொடுத்ததாகிவிடும்.

சரக்கு வேனில் மனிதர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புரோக்கரின் வாதம் முழுப் பொய் அல்ல. அதில் ஒரு துண்டு உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது.

1994-இல் சட்டத்தைத் திருத்தியபோது, 147-ஆம் பிரிவில் "பொருளின் உரிமையாளர் அல்லது அவரது அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி" என்ற சொற்களைச் சேர்த்தார்கள். கோயம்பேட்டுக்குத் தக்காளி ஏற்றிவரும் விவசாயி தன் மூட்டைகளோடு வண்டியில் வருகிறார் அல்லவா, அவரைக் காப்பதற்கு வந்த திருத்தம் அது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் எல்லையை வகுத்தது: சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிவரும் பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல. பின்னர் சொள்ளேட்டி பாரதம்மா வழக்கில், பொருளின் உரிமையாளர் என்றாலும் ஓட்டுநர் கேபினில் பயணித்தால்தான் இந்தப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டது.

"எங்கள் சைக்கிள்தானே சரக்கு, நாங்கள்தானே உரிமையாளர்கள்" என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்தின் 2(13) பிரிவில் சரக்கு என்பதற்கு வரையறை இருக்கிறது. வண்டியில் பயணம் செய்பவரின் சொந்த லக்கேஜ் சரக்கு ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தன் சைக்கிளோடு மலைக்குப் போகும் உங்கள் நண்பரைத் தீர்ப்பாயம் சரக்கு உரிமையாளராகப் பார்க்கும் என்று நம்பி நான் வழக்கு நடத்தமாட்டேன். அப்படியே பார்த்தாலும், அவர் பெட்டிக்குள் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்? சில வழக்குகளில் நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வரும். அடிபட்ட குடும்பத்துக்கு அது ஆறுதல். வண்டியின் உரிமையாளருக்கு அது கடன்.

இதெல்லாம் விபத்து நடந்த பிறகான பேச்சு. மூடிய பெட்டிக்குள் இருக்கை கிடையாது, பெல்ட் கிடையாது, உள்ளிருந்து திறக்கும் வழி பெரும்பாலும் கிடையாது. அதிகாலை மூன்றரை மணிக்குக் கிளம்பி, அரைத்தூக்கத்தில் எட்டு சைக்கிள்களுக்கு நடுவே மனிதர்கள். ஏலகிரி சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஒவ்வொரு வளைவிலும் அந்த இரும்பெல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சரக்கு வேனையே வாங்கக் கூடாதா என்றால், அப்படி இல்லை. கேபினில் ஆர்.சி. அனுமதிக்கும் ஆட்கள் மட்டும், பின்னால் சைக்கிள்கள் மட்டும் என்றால் அது முறையான பயன்பாடுதான். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. பேட்ஜ் பற்றியும் கவலை வேண்டாம். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. ஆனால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். 2019 வண்டி அந்தக் கட்டத்தை நெருங்கிவிட்டது. வார இறுதியில் மட்டும் கிளம்பும் வண்டிக்கு இத்தனை பராமரிப்பு தேவையா என்று யோசியுங்கள்.

ஆளுக்கு 800 ரூபாய்

பெட்ரோலுக்கும் சுங்கச்சாவடிக்கும் ஆன செலவை நண்பர்கள் பங்கிட்டுக்கொள்வதை வாடகை என்று நான் கருதமாட்டேன். ஆனால் முன்பின் தெரியாதவர்களை அழைத்து, நிர்ணயித்த தொகை வாங்கி, அதில் மீதம் பிடித்து வண்டியின் விலையை அடைப்பது வாடகைதான். வெள்ளை போர்டு வண்டியில் அதைச் செய்தால் பெர்மிட் இல்லாமல் இயக்கிய குற்றம் வரும். 192-ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். தனியார் கார் பாலிசியும் வாடகைப் பயன்பாட்டை வெளிப்படையாக விலக்குகிறது. நீங்கள் பணம் செலவழித்து எடுக்கப்போகும் பேக்கேஜ் பாலிசியை அந்த 800 ரூபாயே செல்லாமல் ஆக்கிவிடும். குழுவைப் பெரிதாக்க ஆசை என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் பெர்மிட் உள்ள சுற்றுலா வேனை வாடகைக்கு எடுத்து, அந்தச் செலவைப் பங்கிடுங்கள். அதில் வருவோருக்கு அந்த வண்டியின் பாலிசி பொறுப்பேற்கும்.

எனில், என்ன செய்யலாம்?

உங்கள் மனைவியின் பக்கம் பாதி நிற்கிறேன். ஆம்னியைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சைக்கிள் ஏற்றும் வண்டியாக மட்டும். நீங்களும் இன்னொருவரும் முன் இருக்கையில் பெல்ட் போட்டு அமருங்கள். பின் இருக்கையை மறுபடி பொருத்திக்கொண்டு, சைக்கிள் ஏற்றும் நாளில் அதை மடக்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ரயிலில் வரட்டும். ஏலகிரிக்கு இது மிகவும் எளிது. மாலையில் சென்ட்ரலிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டைக்குப் போகிறது. அங்கிருந்து மலையடிவாரம் பக்கம்தான். மாமல்லபுரத்துக்கு வேனே வேண்டாமே, சைக்கிளிலேயே போகலாம்.

உள்ளே ஏற்றும் முறையையும் மாற்றுங்கள். கயிறு வேண்டாம், இழுத்து இறுக்கும் பட்டை வாங்குங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, அது மாட்டியிருந்த ஃபோர்க்கை ஒரு மரச்சட்டத்தில் பிடித்து நிறுத்தினால் சைக்கிள் நகராது. அந்தச் சட்டத்தை வண்டியோடு பற்றவைக்காமல் பட்டையால் மட்டும் கட்டுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் இரண்டு பேடுகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். வழியில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் சக்கரம் உள்ளே போகாது. கூரையிலோ பின்கதவிலோ மாட்டும் எண்ணம் இருந்தால், நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய்.

பாதி நிற்கிறேன் என்று சொன்னதற்குக் காரணம் உங்கள் மகள். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. முட்டிக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே மெல்லிய தகடுதான். காற்றுப்பை கிடையாது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாததால்தான் 2019-இல் அதன் தயாரிப்பையே நிறுத்தினார்கள். ஊருக்குள் மளிகை வாங்கப் போவது வேறு, பெங்களூர் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு இருட்டில் போவது வேறு. மகளும் நண்பர்களும் தொடர்ந்து வண்டியிலேயே வர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் மஞ்சள் போர்டு சரக்கு வேனுக்கு அல்ல, வெள்ளை போர்டு ஐந்து இருக்கை மாருதி ஈக்கோ போன்ற ஒன்றுக்கு. நீளத்திலும் உயரத்திலும் ஆம்னியைவிடப் பெரியது, எஞ்சின் 1.2 லிட்டர், பக்கக் கதவும் நகர்த்துகதவுதான். பழையது வாங்கினால் 2022-க்குப் பிந்தையதாகப் பாருங்கள். 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத ஈக்கோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம் என்ற விதி வந்த பிறகு தயாரானதை வாங்குவதே நல்லது. பழைய வண்டியில் ஆயுள் வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். புதிதாக எடுத்தால் 5 முதல் 10 லட்சம் ரூபாய் விலையுள்ள காருக்கு 2023 நவம்பரிலிருந்து 13 சதவீதம் ஆயுள் வரி என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆனால் ஈக்கோவிலும் ஐந்து பேரும் ஐந்து சைக்கிளும் அடங்கமாட்டார்கள். இரண்டு சைக்கிள், மூன்று பேர் என்று இருக்கையை ஒருபுறம் விட்டு ஏற்றுவதுதான் நடைமுறை. மற்றதற்கு இன்னொரு நண்பரின் வண்டி.

எந்த வழியில் போனாலும் ஆம்னியைக் கைமாற்றும் நாள் வரும். அன்று சாவியைக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். படிவம் 29-ஐயும் 30-ஐயும் கையெழுத்திட்டு, 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி. பெயர் மாறியதை இணையத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் வண்டி கைக்குக் கைமாறிப் பல பேரிடம் போயிருந்தது. இழப்பீடு கட்ட வேண்டி வந்தது பதிவில் பெயர் இருந்த முதல் ஆளுக்கு. புரோக்கரிடம் வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள்.

முன்பணம் 10,000 ரூபாயை விட்டுவிட வேண்டியதில்லை. ரசீதில், வாங்காவிட்டால் திருப்பித் தரப்படாது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உங்கள் நிலை வலுவானது. ஆட்களும் பின்னால் பயணிக்கலாம் என்று அவர் சொன்னதை நம்பித்தான் பணம் கொடுத்தேன், அது சட்டப்படி சரியல்ல என்று தெரிந்ததால் வாங்கவில்லை, இத்தனாம் தேதிக்குள் பணத்தை என் கணக்கில் செலுத்துங்கள் என்று மூன்று வரியில் வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள். அவர் முன்பு அனுப்பிய செய்திகளில் "ஆளும் உட்காரலாம்" என்று இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். பேசித் தீராவிட்டால் ரசீதையும் அந்தச் செய்திகளையும் அனுப்பிவையுங்கள், நோட்டீஸ் தயாரித்துத் தருகிறேன்.